செய்திக்கும் ஒரு விலாசம் உண்டு

(இரண்டாம் ஆண்டு மாணவன், இளம் அறிவியல் – இயற்பியல்)

“என்னப்பா சேதி?” என்று கேட்காத மனிதர் உண்டா? வயலுக்குப் போகிறவரும் கேட்கிறார். வகுப்புக்குப் போகிறவரும் கேட்கிறார். ஆனால் அந்தச் சேதி நம்மை வந்தடையும் வழி மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வருகிறது. என் தாத்தா அதைக் காதால் கேட்டார். நான்காம் வகுப்போடு நின்றுவிட்ட என் தந்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். நானோ கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்!

இதைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். இரண்டு நிகழ்ச்சிகளே என் தகுதி. ஒருவர் கத்தரித்துக் கொடுத்த ஒரு சிறு செய்தித் துண்டு, படிப்பை விட்டுவிட்டிருந்த என்னை இந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நான் யோசியாமல் அனுப்பிய ஒரு செய்தி, ஒரு தாயின் ஒரு நாள் கூலியைப் பறித்தது. இரண்டும் செய்தியைப் பகிர்ந்துகொண்ட செயல்களே. ஒன்று வாழ்வு தந்தது. மற்றொன்று வேதனை தந்தது. ஏன் இந்த வேறுபாடு? இக்கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையைத்தான் இங்கு எழுதுகிறேன்.

ஒருவர் படிக்க ஊர் கேட்டது

1878-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள் கூடி ‘இந்து’ என்னும் ஆங்கில வார இதழைத் தொடங்கினர். இருவர் ஆசிரியர்கள்; நால்வர் சட்டம் பயின்ற மாணவர்கள். முதல் இதழில் அச்சிட்ட படிகள் 80. நம் கல்லூரியில் இரண்டு வகுப்புகளுக்குக் கூடப் போதாத எண்ணிக்கை! அந்த அறுவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1882-இல் ‘சுதேசமித்திரன்’ என்ற தமிழ் இதழையும் தொடங்கினார். ஒருவருக்கு எதற்கு இரண்டு இதழ்கள்? ஆங்கிலம் அறிந்த சிலருக்கு ஒன்று. அறியாத பலருக்கு மற்றொன்று. யாருக்குச் சொல்கிறோம் என்பதை முதலில் எண்ணிப் பார்த்தவர் அவர். அந்தச் சுதேசமித்திரனில்தான் 1904-இல் பாரதியார் துணையாசிரியராகச் சேர்ந்து, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் பணியைச் செய்தார்.

பின்னர் 1934-இல் டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு ‘தினமணி’ வந்தது. 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் ‘தந்தி’யைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவனும் படிக்க வேண்டும் என்று எளிய தமிழும் சிறு வாக்கியங்களும் அதில் கையாளப்பட்டன. என் தந்தையைப் போன்றவர்கள் செய்தித்தாளைக் கையில் எடுக்கத் துணிந்தது அந்த நடையால்தான் என்றால் மிகையாகாது.

ஆயினும் எழுத்தறிந்தோர் மிகச் சிலரே இருந்த அந்நாளில் தாள் வந்தால் மட்டும் போதுமா? தேநீர்க் கடையிலும், முடிதிருத்தும் நிலையத்திலும், கட்சிகளும் சங்கங்களும் நடத்திய படிப்பகங்களிலும் ஒருவர் உரக்கப் படித்தார். பத்துப் பேர் சுற்றி அமர்ந்து கேட்டனர். புரியாத இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். நம்பாத இடத்தில் மறுத்தார்கள். பிறகு பஞ்சாயத்து வானொலி வந்தது. ‘செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி’ என்ற குரல் கேட்டால் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்று கேட்டதாக என் தந்தை சொல்வார்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் தேநீர்க் கடைக்கு ஒரே ஒரு நாளிதழ் வரும். அது கடைக்குள் வந்ததும் தாள் தாளாகப் பிரிந்துவிடும். முதல் தாள் ஒருவர் கையில், விளையாட்டுச் செய்தி ஒருவர் கையில், நடுத்தாள் இன்னொருவர் கையில். தம் தாளைப் படித்து முடித்தவர் அடுத்தவருக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் பேசாமல் இருக்க முடியுமா? “இந்தாய்யா, அணை நீர்மட்டம் போட்டிருக்கான் பாரு” என்று ஒருவர் தாளை நீட்டுவார். பகிர்தல் என்பது அங்கே தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய கலையாக இருக்கவில்லை. ஒரு தாளைப் பலர் படிக்க வேண்டிய வறுமையே அதைக் கற்றுத் தந்தது.

கைப்பேசி செய்த மாற்றம்

இன்றும் அக்கடைக்கு நாளிதழ் வருகிறது. ஆனால் பல நாட்கள் அது மடிப்புக் கலையாமலே கிடக்கிறது. எல்லோர் கையிலும் கைப்பேசி. கைப்பேசியை நான் குறை சொல்லவில்லை. நம் நூலகத்தில் இல்லாத எத்தனையோ கட்டுரைகளை அதில்தான் படித்தேன். மூன்று நாளிதழ்களை விலை கொடுத்து வாங்க முடியாத என் போன்றவனுக்கு அது பெரும் வரம். ஆனால் அது செய்தி தரும் முறையை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நாளிதழில் எது முதற்பக்கம் என்பதை ஓர் ஆசிரியர் குழு முடிவு செய்கிறது. அம்முடிவு சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஊர் முழுவதற்கும் ஒரே முதற்பக்கம். கைப்பேசியிலோ ஒவ்வொருவருக்கும் ஒரு முதற்பக்கம். எந்தப் படத்தில் எத்தனை நொடி நின்றோம், எதைத் திறந்தோம், எதைப் பிறருக்கு அனுப்பினோம் என்பதை எல்லாம் கணக்கிட்டு, அதே போன்றவற்றையே முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது கணிப்பொறி. சண்டைக் காட்சியில் ஒருவன் பத்து நொடி நின்றால் மேலும் பத்துச் சண்டைகள் வருகின்றன. நீர்மட்டம் பற்றிய செய்தி அவனுக்கு வராமலே போகலாம். ஒரே பெஞ்சில் அமர்ந்த நால்வர் நான்கு உலகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு எப்படி வரும்?

இரண்டாவது மாற்றம் வேகம். முன்பு ஒரு வதந்தி ஊர் எல்லையைத் தாண்ட ஒரு நாள் ஆகும். அதற்குள் உண்மை அறிந்தவர் யாராவது எதிர்ப்படுவார். இன்று ஒரு விரல் அசைவில் அது நூறு ஊர்களைத் தொடுகிறது. 2018-ஆம் ஆண்டு மே மாதம், எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தைகளுக்கு அவர் மிட்டாய் கொடுத்ததே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொடுமைகள் நடந்த பிறகு, அதே ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று மேலும் இறுக்கியது. இயந்திரம் வரம்பு வைத்துக்கொண்டது. மனிதனாகிய நான் வைத்துக்கொண்டேனா?

நான் செய்த பிழை

முதலாம் ஆண்டு படிக்கும்போது ஒரு நாள் என் கைப்பேசிக்கு ஓர் அறிவிப்புப் படம் வந்தது. பத்தாம் வகுப்பு மாணவிகளுக்குக் கல்வி உதவித்தொகை, வரும் வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று இருந்தது. ‘நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவுமே!’ என்ற நல்லெண்ணத்தில் எங்கள் ஊர்க் குழுவுக்கு உடனே அனுப்பினேன். கல்லூரியில் படிக்கிற பையன் அனுப்பியதாயிற்றே! ஒருவரும் ஐயப்படவில்லை.

எதிர்வீட்டு அத்தை களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டு, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் அழைத்துக்கொண்டு, சான்றிதழ் வாங்க நகருக்குப் போனார். மாலையில்தான் திரும்பினார். அந்த அறிவிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்ததாம்! அறிவிப்பு பொய் இல்லை; பழையது. படத்தின் மேற்பகுதியில் இருந்த தேதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். தேதி இல்லையே என்று நானும் பார்க்கவில்லை.

அத்தை என்னைத் திட்டவில்லை. “நீ நல்லதுக்குத்தானப்பா போட்ட, விடு” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கதை அத்தோடு முடியவில்லை. சில மாதங்கள் கழித்து உண்மையாகவே ஓர் உதவித்தொகை அறிவிப்பு நாளிதழில் வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தை சிரித்துக்கொண்டே, “இன்னொரு நாள் கூலி போகணுமா?” என்றார். அப்போதுதான் என் பிழையின் முழு அளவும் எனக்கு விளங்கியது. போனது ஒரு நாள் கூலி மட்டும் என்று நினைத்திருந்தேன். நம்பிக்கையும் சேர்ந்து போயிருந்தது. பழைய செய்தியை நம்பியதால் ஒரு நாள் கெட்டது. புதிய செய்தியை நம்பாவிட்டால் ஒரு பெண்ணின் படிப்பே கெடுமே! பள்ளித் தலைமையாசிரியரிடம் போய் விசாரித்து, தேவையான சான்றுகளை ஒரு தாளில் எழுதி வாங்கி, நானே உடன் சென்றேன். கடைசி நாளுக்கு முதல்நாள் விண்ணப்பம் கொடுத்தோம்.

எது படிக்கத் தக்க கட்டுரை?

செய்தி வேறு, கட்டுரை வேறு. ‘என்ன நடந்தது?’ என்று சொல்வது செய்தி. ‘ஏன் நடந்தது, எப்படி நடந்தது, இனி என்ன ஆகும்?’ என்று விளக்குவது கட்டுரை. செய்தி ஒரு நாளில் வாடும் பூ. நல்ல கட்டுரையோ விதை நெல்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை, சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. எல்லோரும் படம் பகிர்ந்தோம், கைதட்டினோம். மறுநாள் தேநீர்க் கடையில் ஒரு பெரியவர், “விமானத்திலிருந்து குதிக்கிறவன் பாராசூட்டில் இறங்குகிறானே, இதை ஏன் நெருப்பைக் கக்கிக்கொண்டு இறக்கினார்கள்?” என்று கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்த எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. நிலவில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் பாராசூட் விரிந்து என்ன பயன்? ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் கலத்தை, எதிர்த்திசையில் எந்திரத்தை இயக்கித்தான் நிறுத்த முடியும். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 இறங்குகலம் தவறியது இந்த வேகத் தணிப்பின் போதுதான். அடுத்த முறை கால்களை வலுப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்குவதற்கான இடப்பரப்பை விரிவாக்கினார்கள். இவற்றை எல்லாம் ஒரு கட்டுரையில் படித்த பிறகே, தோல்வியிலிருந்து கற்றுக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. கைதட்டியபோது புரியவில்லை.

அந்தக் கட்டுரையை எனக்குக் கொடுத்தவர் யார்? அவரைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

தபால்காரத் தாத்தா

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற அஞ்சல்காரர் ஒருவர் இருக்கிறார். ஊருக்கே அவர் ‘தபால்காரத் தாத்தா’. காலையில் நாளிதழை முழுவதும் படித்துவிட்டு, மாலையில் கத்தரிக்கோலை எடுப்பார். கத்தரித்த துண்டின் ஓரத்தில் இதழின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதுவார். பிறகு, ஒரு காலத்தில் கடிதம் கொடுத்ததைப் போலவே, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

நிலவில் இறங்கிய அந்த வாரம் அவர் இரண்டு துண்டுகளைக் கத்தரித்தார். வேகத் தணிப்பை விளக்கிய கட்டுரை எனக்கு. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பட்டயப் படிப்பில் தொடங்கி உயர்ந்தவர் என்ற கட்டுரை, பாலிடெக்னிக்கில் படிக்கும் பக்கத்துத் தெருப் பையனுக்கு. ஒரே நிகழ்ச்சி, இரண்டு விலாசங்கள்! மல்லாட்டை போட்டிருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு இன்னொரு துண்டு: மண்ணுக்குள் வளரும் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தானே மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது, ஆகவே காய் பிடிக்கும் பருவத்தில் ஜிப்சம் இட வேண்டும் என்று அதில் இருந்தது. பெரியப்பாவுக்குப் படிக்க வராது. தாத்தாவே படித்துக் காட்டினார்.

அப்போது நான் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த ஆண்டு அது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது என்றே நினைத்தேன். ஓராண்டு விட்டவனைக் கல்லூரியில் சேர்க்க மாட்டார்கள் என்றும் யாரோ சொல்லக் கேட்டு நம்பிவிட்டேன். 2024 மே மாதம் ஒரு நாள் தாத்தா கடைக்கு வந்தார். “தம்பி, இது ஒனக்கு” என்று ஒரு துண்டை நீட்டினார். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் சேர விண்ணப்பிக்கலாம் என்ற நான்கு வரிச் செய்தி. ஓரத்தில் தேதி. அதன் கீழே பென்சிலில்: ‘ஒரு வருஷம் விட்டவனும் போடலாம். காலேஜில் கேட்டுவிட்டேன்.’

எழுபத்தைந்து வயதில், வெயிலில் பேருந்து ஏறிப் போய் அவர் கேட்டு வந்திருக்கிறார்! அதே செய்தி அன்று எத்தனையோ பேர் கைப்பேசியில் ஓடியிருக்கும். என் கைப்பேசியிலும் ஓடியிருக்கலாம். நான் கவனித்திருக்க மாட்டேன். அது எனக்கானது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசலைத் திறந்தது நான்கு வரிச் செய்தியும், அதன் ஓரத்தில் எழுதிய ஒரு வரியும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உலகமே ஏற்றுக்கொண்டது. அவற்றுள் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. மற்றொன்று, வாசகரின் நேரத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பது. தாத்தா அந்த நூலைப் படித்தவரல்லர். ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு விலாசம் உண்டு என்பதை முப்பத்தைந்து ஆண்டு அஞ்சல் பணி அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. எல்லோருக்கும் எல்லாவற்றையும் அனுப்புகிறவன், விலாசம் எழுதாத கடிதங்களைத் தெருவில் இறைக்கிறவன்தான்.

நாம் செய்யக் கூடியது

தாத்தாவிடம் கற்றவற்றை நான் மூன்று கேள்விகளாக வைத்திருக்கிறேன். இது என்று வந்தது, எதில் வந்தது? இதை வேறு யாரிடமாவது கேட்டு உறுதி செய்தேனா? இது யாருக்கு, ஏன்? வள்ளுவர் ‘அறிவுடைமை’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். கேட்டதை அப்படியே கொள்ளாமல் ஆராய்வதையும் அறிவின் இலக்கணமாக அதிலேயே சேர்த்தார். நாளிதழில் வந்தது என்பதற்காகவே எதுவும் உண்மையாகிவிடாது. நாளிதழும் தவறும், அதற்கும் சார்பு உண்டு. தலையங்கம் கருத்து, விளம்பரம் வியாபாரம் என்று பிரித்தறிய வேண்டும். மூன்றாம் கேள்விக்கு விடை தெரியாத செய்தியை நான் இப்போது அனுப்புவதில்லை. இதனால் நான் அனுப்புவது வாரத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் அனுப்பியதைப் படித்தேன் என்று சொல்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள்.

இவ்வாண்டு எங்கள் துறைத்தலைவரின் அனுமதி பெற்று, துறை அறிவிப்புப் பலகையின் ஒரு மூலையில், திங்கட்கிழமைதோறும் ஒரே ஒரு கட்டுரையை ஒட்டி வருகிறேன். தேதி, இதழின் பெயர், ‘இதை ஏன் படிக்க வேண்டும்’ என்று ஒரு வரி, இவ்வளவுதான். முதல் மாதம் ஒருவரும் நின்று பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள், நான் ஒட்டிய கட்டுரையின் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: ‘இதற்கு மறுப்பு வியாழக்கிழமை இதழில் வந்திருக்கிறது. பார்க்கவும்.’ எழுதியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. தாளைப் படித்து, நம்பாத இடத்தில் மறுத்துப் பேசும் அந்தத் தேநீர்க் கடைப் பெஞ்சு, எங்கள் துறை வராந்தாவுக்கு வந்துவிட்டதாகவே தோன்றியது. மற்றத் துறை நண்பர்களும் தத்தம் பலகையில் ஒரு மூலையை ஒதுக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆசிரியப் பெருமக்களும், தாங்கள் படித்தவற்றில் இன்ன மாணவனுக்கு இது ஆகும் என்று தோன்றுவதை ஒரு வரி எழுதிக் கொடுத்து உதவ வேண்டுகிறேன். எங்களில் பலர் வீட்டில் அதை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

தபால்காரத் தாத்தாவுக்கு இப்போது கண்ணில் புரை. சிறிய எழுத்துகள் தெரிவதில்லை. கல்லூரி விட்டுப் போனதும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் படிக்கிறேன், அவர் கேட்கிறார். சில நாட்கள் தாளிலிருந்து, சில நாட்கள் கைப்பேசியிலிருந்து. என் தாத்தா காலத்தில் இருந்த இடத்துக்கே செய்தி திரும்பி வந்துவிட்டது போலும்! நடுவில் கையை உயர்த்தி நிறுத்துவார். “இது அவனுக்கு ஆகும். தேதி எழுதிக் கொண்டுபோய்க் கொடு” என்பார்.

கத்தரிக்கோல் இப்போது என் கையில் இருக்கிறது. நண்பர்களே, நாளைக் காலை நீங்கள் படிக்கும் முதல் நல்ல கட்டுரை யாருக்கு உரியது? அவரை நினைத்துப் பாருங்கள், தேதியைச் சரிபாருங்கள், ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பொட்டலம் மடித்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அதற்காகக் காத்திருக்கக் கூடும்.